மேசைத்துணிக்கு உள்ளே

அன்று மதியம் மேசையைச் சுற்றி இருந்தவர்கள்: வீட்டுக்காரி என்கார்னா, அவள் கணவர் எலாதியோ, அவர்களுடைய மகள் நியெவெஸ், பின்லாந்திலிருந்து ஸ்பானிஷ் படிக்க வந்து அந்த வீட்டில் தங்கியிருந்த மாரித். வேறு யாரும் இல்லை. ஆனாலும் மாரித்தின் இடது பாதத்தின் மேல் யாருடைய பாதமோ இருந்தது.

வட்ட மேசை அது. தரை தொடும் கனத்த கம்பளித் துணி. அதற்குள்ளே, மேசைக் கால்களுக்கு நடுவே, பித்தளைத் தட்டில் கரி நெருப்பு. கிரனாடாவின் அந்தத் தெருவில் மற்ற வீடுகள் எப்போதோ மின்சாரக் கணப்புக்கு மாறிவிட்டன. என்கார்னா மாறவில்லை. துணியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டால் இடுப்புக்குக் கீழே கோடையும் மேலே ஜனவரியுமாக இருக்கும். தணலில் போட்ட ஆரஞ்சுத் தோலும் லாவெண்டர் பூவும் கருகும் வாசனை, தட்டில் ஆறிக்கொண்டிருக்கும் தொத்திறைச்சிக் குழம்பின் வாசனை, பாதி இறக்கிய மரத்திரையின் இடுக்குகளில் கோடுகோடாக விழும் மதிய வெளிச்சம், எல்லாம் சேர்ந்து கண்ணைச் செருகவைக்கும். அத்தனை சூட்டிலும் அந்தப் பாதம் மட்டும் சில்லென்று இருந்தது. செருப்பில்லை, காலுறையில்லை.

எலாதியோவாக இருந்தால் அறைந்துவிடலாம் என்று மாரித் நினைத்தாள். காலை இழுத்துக்கொண்டாள். பாதம் தேடி வந்து மறுபடி மேலே அமர்ந்தது.

"என்னம்மா, நடுங்குற?" என்றார் எலாதியோ. "கேட்டீங்களா, ஐஸ்ல பொறந்தவளுக்குக் கிரனாடாவுல குளிருதாம்!"

"சும்மா இருங்க," என்றாள் என்கார்னா. "அந்தப் புள்ள ஒரு வாக்கியம் யோசிச்சுச் சொல்றதுக்குள்ள நீங்க பத்து பேசிடுறீங்க. அப்புறம் எப்படிப் படிக்கும்?"

மூவரும் எழுந்து தட்டுகளோடு சமையலறைக்குப் போனார்கள். மூவரின் செருப்புச் சத்தமும் நடைவழியில் தேய்ந்தது. பாதம் போகவில்லை.

மாரித் துணியின் விளிம்பைப் பிடித்தாள்.

"துணியத் தூக்காத கண்ணு! சூடெல்லாம் ஓடிடும்." என்கார்னா வாசலில் நின்றிருந்தாள். அந்த ஊரில் எல்லா வீட்டிலும் அதைத்தான் சொல்வார்கள். நெருப்பு உள்ளே இருக்கும்போது யாரும் துணியைத் தூக்குவதில்லை. என்கார்னா வந்து குனிந்து, குழந்தைக்குப் போர்த்துவதுபோல் துணியை மாரித்தின் இடுப்பைச் சுற்றி இறுக்கிச் செருகினாள். "கன்னமெல்லாம் சிவந்து எவ்வளவு அழகா இருக்க, பாரு."

காலையில் வகுப்பு, மதியம் மேசை. ஊரில் முதியோர் இல்லத்தின் இரவு வேலையை உதறிவிட்டு வந்தவள் மாரித். குளிர்கால முடிவில் தேர்வு. தேறினால் மாலகாவில் ஒரு மருத்துவமனையில் வேலை. தேறாவிட்டால் திரும்பிப் போக ஓர் இடமும் இல்லை. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வினைச்சொற்களை எழுதினாள். தலை வலித்தது. தினமும் அந்தப் பாதம் வந்தது. போகப்போக இரண்டும் வந்தன.

ஒருநாள் மாரித் முந்திக்கொண்டு நியெவெஸின் நாற்காலியில் உட்கார்ந்தாள். நியெவெஸ் வெளுத்துப் போனாள். "எழுந்திரு. அது என் இடம்." யாரும் சிரிக்கவில்லை. மாரித் எழவில்லை. நியெவெஸ் சுவரோரம் இருந்த மாரித்தின் நாற்காலியில் உட்கார்ந்து, கால்களைத் தூக்கி மடக்கிக்கொண்டு, ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் எழுந்து போனாள்.

மறுநாள் மாரித் அவளைப் பால்கனியில் பிடித்தாள். கீழே கரித்தட்டில் புகை அடங்கிக்கொண்டிருந்தது. தினமும் எலாதியோ கரியைப் பற்றவைத்து, கறுப்பெல்லாம் வெந்து வெள்ளைச் சாம்பல் படியும்வரை வெளியே வைத்துத்தான் உள்ளே கொண்டுவருவார். வேகாத கரி மூடிய அறையில் விஷக்காற்றைக் கக்கும்.

"என் இடத்துல யாரு?"

நியெவெஸ் தெருவைப் பார்த்தபடி சொன்னாள்: "இங்கா. போன குளிர்காலம் வந்து தங்கினா. டென்மார்க். ஒருநாள் அப்பா ஊர்ல இல்ல. அம்மா கரி வேகறதுக்கு முன்னாடியே உள்ள கொண்டுவந்து வச்சுட்டா. நாங்க சித்தி வீட்டுக்குக் கிளம்பினோம். இங்கா அப்பவே மேசையில சாஞ்சு தூங்கிட்டா. கன்னம் ரோஜா மாதிரி இருந்துச்சு. நல்லாத் தூங்குறா, எழுப்ப வேணாம்னு விட்டுட்டுப் போனோம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. எழுந்திருக்கல." குரலைத் தாழ்த்தினாள். "நாற்காலி காலியா இருந்தா அது எங்க காலைத் தேடி வருது, மாரித். அம்மாவுக்குத் தூக்கமே போச்சு. யாராவது அங்க உட்கார்ந்தா எங்ககிட்ட வராம சும்மா இருக்கு."

"அதுக்கு நானா?"

நியெவெஸ் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாரித் மொழிப் பள்ளியில் சொல்லி வேறு வீடு கேட்டு வாங்கினாள். வெள்ளிக்கிழமை என்கார்னாவிடம் திக்கித் திக்கிச் சொன்னாள்: ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறேன்.

என்கார்னா கோபப்படவில்லை. "சரி கண்ணு. போறவளைப் பிடிச்சா வைக்க முடியும்? நாளைக்கு நல்லாச் சமைக்கிறேன்."

சனிக்கிழமை மதியம் ஆட்டுக்கறி. நிறைய வைன். அறையில் வாசனை வேறு மாதிரி இருந்தது. லாவெண்டர் கைநிறைய அள்ளிப் போட்ட வாசனை, அதற்கடியில் இன்னொன்று, பெயர் சொல்ல முடியாத ஒன்று. கரித்தட்டை என்கார்னாவே தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். கரி கறுப்பாக இருந்தது. மேலே சின்னச் சின்னதாக நீலச் சுடர்.

"இன்னும் வேகலையே," என்றார் எலாதியோ மெதுவாக.

"இது போதும்."

அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு தன் தட்டைப் பார்த்தார்.

சாப்பிட்டு முடித்தார்கள். மூவரும் கோட்டு மாட்டிக்கொண்டார்கள். சித்தி வீட்டுக்காம். மாரித் எழப் பார்த்தாள்.

முடியவில்லை.

பாதம் அல்ல இப்போது. கை. விரல்கள். இரண்டு கணுக்காலையும்.

கத்த வாயெடுத்தாள். ஸ்பானிஷும் வரவில்லை, தாய்மொழியும் வரவில்லை. தலை கனத்தது. மேசை நெருங்கி வந்தது. கன்னம் துணியில் பட்டது. கதகதப்பு.

என்கார்னா வந்து துணியைச் செருகினாள். இடுப்பைச் சுற்றி. இறுக்கமாக.

"தூங்கு கண்ணு."

அப்போது பிடி தளர்ந்தது. ஒவ்வொரு விரலாக. விட்டுவிட்டது. மாரித் கால்களை அசைத்தாள். அசையச் சொன்னாள். அவை கேட்கவில்லை.

எதிர்ப்பக்கம் துணி உயர்ந்தது. தானாக.

சூடு வெளியே ஓடியது. யாரும் அதட்டவில்லை.

ஒரு பெண் தவழ்ந்து வெளியே வந்தாள். முதலில் முடி. பிறகு முதுகு. மெல்ல நிமிர்ந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. வெறுங்கால். சிவப்புத் தரை ஓடுகளில் சாம்பல் தடம். ஒன்று. இன்னொன்று. வாசல் பக்கமாக.

நடைவழிக் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. மாரித் பார்த்திராத முகம். கன்னங்கள் ரோஜா நிறம்.

நியெவெஸ் சுவரோடு ஒட்டி வழிவிட்டாள். எலாதியோ தொப்பியைக் கழற்றினார். என்கார்னா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, தாமதமாகக் கிளம்பும் மகளுக்குக் காத்திருப்பவள்போல நின்றாள்.

"வா கண்ணு, போலாம்."

நான்கு பேர் போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. சாவி திரும்பியது.