முகம் தெரியும்வரை

வாஷ்பேசினில் குழாய்க்கு நேர் கீழே, சரிவில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஓர் இடத்தில் தண்ணீர் ஒட்டவில்லை. சவரம் முடித்து முகம் கழுவும்போதுதான் தலைவர் அதைக் கவனித்தார். வெள்ளைப் பீங்கான் முழுக்க நீர் வழுக்கி ஓடியது. அந்த இடத்துக்கு வந்ததும் மட்டும், பிடிக்காத ஆளைத் தெருவில் கண்டு ஒதுங்குவதுபோல இரண்டாகப் பிரிந்து சுற்றிக்கொண்டு போனது.

"இங்க வா. இது என்ன?"

மனைவி ஈரக் கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். "எது?"

"கறை. கண்ணாடி போட்டுக்கிட்டு பாரு."

"போட்டுக்கிட்டுத்தாங்க இருக்கேன். ஒண்ணும் இல்ல. நேத்துதானே தேய்ச்சேன்."

"நீ தேய்ச்ச லட்சணம்தான் இது."

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பதில் சொன்னால் அது சொற்பொழிவாக வளரும் என்பது கல்யாணமான புதிதிலேயே அவளுக்குத் தெரிந்துபோன விஷயம்.

தலைவர் என்றால் நாட்டுக்கோ கட்சிக்கோ அல்ல. மூன்று மாடி அடுக்ககம் ஒன்றின் குடியிருப்போர் சங்கத்துக்கு. வாழ்க்கையில் வாய்த்த ஒரே பதவி அது என்பதால், லிஃப்டில் தனியாக ஏறும்போதுகூட யாரோ படம் எடுக்கப்போகிறார்கள் என்பதுபோல முகவாயைச் சற்றுத் தூக்கியே நிற்பார். சென்ற மாதம் எல்லார் வீட்டுக் கதவிடுக்கிலும் ஒரு சுற்றறிக்கை செருகியிருந்தார்: ஒரு வீட்டின் தராதரம் அதன் வாஷ்பேசினில் தெரிந்துவிடும், முகம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். மூன்றாம் மாடிப் பல் டாக்டர் அந்தத் தாளால் கார்க் கண்ணாடியைத் துடைத்தார் என்று கேள்வி. அதே டாக்டர்தான் இன்று மாலை, இதே வீட்டுக் கூடத்தில் நடக்கும் தேர்தலில் அவரை எதிர்த்து நிற்கிறார். வருவார். கை கழுவக் குனிவார். கறையைப் பார்ப்பார். பிறகு பதவி எங்கே, மரியாதை எங்கே.

"நானே பாத்துக்கறேன். நீ போய் பிஸ்கட் வாங்கிட்டு வா. மட்டமானதே போதும், வர்ற மூஞ்சிகளுக்கு."

"சாப்பிட்டுட்டு ஆரம்பிங்களேன்."

"வேலைன்னு வந்துட்டா எனக்கு வயிறே கிடையாது" என்றார், யாராவது குறித்துக்கொள்வார்கள் என்ற தொனியில்.

அவள் போனதும் சோடா உப்பைத் தூவி, மேலே வினிகரைச் சரித்தார். நுரை சீறிக்கொண்டு எழுந்தது. புளித்த நெடி மூக்குக்குள் ஏறி உட்கார, அந்த நெடிக்கு அடியில் இன்னொன்று, சற்றுமுன் அவர் பூசிய சவர சோப்பின் வாசனை, இப்போதுதான் யாரோ முகம் துடைத்துப் போட்ட துண்டிலிருந்து வருவதுபோல வெதுவெதுப்பாக வந்தது. பழந்துணியைச் சுருட்டிச் சின்னச் சின்ன வட்டங்களாகத் தேய்த்தார். கீச், கீச் என்றது பீங்கான். தண்ணீர் எதுவும் போகாதபோதே, வடிகால் துளைக்குள் ஆழத்தில் யாரோ எச்சில் விழுங்குவதுபோல் ஒரு சத்தம். மேல்மாடிக்காரர்கள் எதையாவது போட்டு அடைத்திருப்பார்கள் என்று முடிவுகட்டினார். தன் வீட்டுக் கோளாறுக்கு அடுத்த வீட்டில் ஆள் பிடிப்பது அவருக்குக் கைவந்த கலை.

துணியில் வெளிர்பழுப்பாக ஏதோ கொழகொழவென்று ஒட்டியிருந்தது. "எவ்ளோ அழுக்கு பாரு" என்று காலி வீட்டுக்குச் சொன்னார். கறை போய்விட்டது. அது இருந்த இடத்தில் இப்போது வெள்ளையைத் தாண்டிய ஒரு பளபளப்பு. பக்கத்தில் இருந்த வெண்மை அதனால் அழுக்காகத் தெரிந்தது. ஆகவே அதையும் தேய்த்தார். அதற்குப் பக்கத்தில் இருந்தது அடுத்து அழுக்கானது.

இந்தப் பளபளப்பைப் படம் எடுத்துச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால் டாக்டர் வாயைத் திறக்க முடியாது. கைபேசியை எடுத்து விரலை வைத்தார். திறக்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தார். திறக்கவில்லை. முகத்துக்கு நேரே பிடித்தார். முகம் அடையாளம் தெரியவில்லை என்றது.

"தரித்திரம் பிடிச்ச போன்."

விரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ரேகை இல்லை. உரித்த முட்டைபோல இருந்தது. சோடா உப்பு கொஞ்சம் அதிகம்தான் என்று நினைத்துக்கொண்டு குனிந்தபோது பேசினுக்குள் ஒரு முகவாய் தெரிந்தது. அவருடையதுதான், அந்தத் தூக்கல் வேறு யாருக்கு வரும். பிம்பம் நன்றாக விழுகிறது என்று மகிழ்ந்து, இடப்பக்கம் சாய்ந்து ரசித்தார்.

அது சாயவில்லை.

வலப்பக்கம் சாய்ந்தார். அங்கேயே கிடந்தது. அதற்கு மேலே, வடிகால் துளையைச் சுற்றி, ஈரமாக, இரண்டு உதடுகள். ஒரு பக்கம் லேசாகக் கோணியிருந்தன, மட்டமான பிஸ்கட் என்று சொல்லும்போது கோணுவதுபோல.

நிமிர்ந்து சுவர்க் கண்ணாடியைப் பார்த்தார்.

மூக்குக்குக் கீழே ஒன்றும் இல்லை. தோல். வழவழவென்று.

கத்தப் பார்த்தார். சத்தம் கீழே, துளைக்குள்ளிருந்து, களக் என்று வந்தது.

நிறுத்தியிருக்கலாம். மூக்கு மிச்சம் இருந்தது, கண்கள் இருந்தன, கதவு திறந்துதான் கிடந்தது. ஆனால் வாயில்லாத முகத்தோடு படியிறங்குவதைவிட, பாதி தேய்த்த வாஷ்பேசினோடு பிடிபடுவதுதான் அவருக்குப் பெரிய அவமானமாகப் பட்டது. மணி ஆகிக்கொண்டிருந்தது. முன்பக்கச் சரிவு இன்னும் மங்கல்.

தேய்த்தார்.

மூக்கு. வினிகர் நெடி நின்றது.

கன்னங்கள். காதுகள்.

கை இப்போது அவரைக் கேட்கவில்லை. வட்டம். வட்டம். இடது இமை. வலது இமை. பிறகு அதற்கும் அடியில்.

குளிர்.

கண்ணுக்கு நேர் மேலே குழாயின் வாய். அதில் ஒரு சொட்டு, விழாமல். அதற்கும் அப்பால், தன் சட்டையை, தன் கையை, சட்டைக் காலருக்கு மேலே முட்டைபோல இருந்த ஒன்றைப் பார்த்தார். அது துணியைப் பிழிந்தது. நாலாக மடித்துக் கம்பியில் போட்டது. வெளியே போனது.

வாசல் மணி. செருப்புகள். நாற்காலிகள் இழுபடும் சத்தம். சுவர் வழியாகப் பீங்கானுக்குள் குரல்கள் வந்தன.

"என்னங்க, தலைவர் இன்னிக்கு ஒரு வார்த்தை பேசலியே" என்றது ஒரு கிழக்குரல். "கூட்டம் இவ்ளோ சீக்கிரம் முடிஞ்சதே இல்ல."

"அவர் முகமே தெளிவா இருக்குல்ல?" மனைவி. அவள் குரலில் அப்படியொரு இலகுவை அவர் கேட்டதே இல்லை. "இத்தனை வருஷத்துல இவ்ளோ சாந்தமா நான் பாத்ததில்லைங்க."

"இப்படியே இருப்பார்னா நான் எதுக்கு நிக்கணும்? அவரே இருந்துட்டுப் போகட்டும்" என்றார் பல் டாக்டர்.

சிரிப்பு. கைதட்டல். தலைவர் ஏகமனதாக ஜெயித்துவிட்டார்.

நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்ல உதடுகளை அசைத்தார். களக்.

விளக்கு எரிந்தது. டாக்டர் உள்ளே வந்தார், வாய் நிறைய பிஸ்கட்டோடு. குனிந்தார். நேராக அவர் கண்ணுக்குள் பார்த்தார். இன்னும் குனிந்து, உதட்டை விரித்து, அந்தக் கண்ணிலேயே தன் பல்லைப் பார்த்துக்கொண்டார்.

"கண்ணாடியே வேண்டாம்போல" என்று முணுமுணுத்தார்.

குழாயைத் திறந்தார். தண்ணீர் தலைவரின் வாய்க்குள் இறங்கியது. விழுங்கினார். மறுபடி விழுங்கினார். டாக்டர் ஒரு கை நீரை வாயில் ஊற்றி, தொழில் சுத்தமாக, இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் நிதானமாகக் கொப்பளித்தார்.

மூட இமைகள் இல்லை. அவை துணியில் ஒட்டியபடி கம்பியில் காய்ந்துகொண்டிருந்தன.

"டாக்டர், சீக்கிரம் துப்பிட்டு வாங்க" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார். "நாங்களும் நிக்கிறோம்ல."

டாக்டரின் தோளுக்கு அப்பால், கூடம் வரைக்கும், அடுக்ககம் மொத்தமும் வரிசையில் நின்றது.