உருண்டை சிரித்த படம்

‘பளிச்!’ என்று ஸ்டூடியோ விளக்கு மின்னியதுதான் தாமதம், உருண்டை ‘வீல்’ என்று அலறினாள்.

உருண்டை என்பது அந்த வீட்டுக் கைக்குழந்தை. கன்னம், கை, வயிறு எல்லாமே உருண்டையாக இருந்ததால், பெரியப்பா மகள் ஆசையாக வைத்த பெயர் அது. பெயர் வைத்தவளுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. வாயைத் திறந்தால் படபடவென்று வெடிப்பாள் என்பதால் எல்லாரும் அவளைப் ‘பட்டாசு’ என்றார்கள்.

“இன்னொரு தடவை பாக்கலாம்!” என்றார் ஸ்டூடியோக்காரர். ரப்பர் வாத்தை எடுத்துக் ‘கீக் கீக்’ என்று அமுக்கினார். மறுபடியும் பளிச். மறுபடியும் வீல்!

கடைசியில் கிடைத்த படத்தில் வாய் மட்டும்தான் இருந்தது. கண்ணையும் மூக்கையும் தேட வேண்டியிருந்தது.

“இதைக் கப்பல்ல ஒட்டினா, பக்கத்துப் படுக்கைக்காரர் பயந்து கடல்ல குதிச்சிடுவார்” என்றார் உருண்டையின் அப்பா, பட்டாசின் சித்தப்பா.

எல்லாரும் சிரித்தார்கள். சித்தப்பா சிரிக்கவில்லை. அவர் கப்பலில் சமையல்காரர். அன்று மாலையே துறைமுகத்துக்குப் பஸ் ஏற வேண்டும்.

வீடு திரும்பும் வழியில் பட்டாசு கேட்டாள்: “உங்க போன்ல பாப்பா படம் நிறைய இருக்கே, சித்தப்பா?”

“இருக்கு. ஒண்ணுல தூங்குறா, ஒண்ணுல ஆடி மங்கலா இருக்கா. என்னைப் பாத்துச் சிரிக்கிற மாதிரி ஒண்ணுகூட இல்லம்மா. நான் திரும்பி வரும்போது இவ ஓட ஆரம்பிச்சிருப்பா. இந்த ஒத்தைப்பல் சிரிப்பை அப்புறம் எங்கே போய்த் தேடறது?”

பட்டாசுக்குள் ஏதோ குதித்தது. “நான் எடுக்கிறேன்! அம்மாவோட பழைய கேமரா இருக்கே!”

வீட்டுக்குள் நுழைந்ததுமே வேலை தொடங்கிவிட்டது. பட்டாசின் அப்பா கை தட்டினார். அம்மா சாவிக்கொத்தைக் குலுக்கினாள். சித்தி பாடினாள். சித்தப்பா ஒரு பாத்திரத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடினார்.

“உருண்டை, இங்கே பாரு!”

“இல்ல, இங்கே பாரு!”

பட்டாசு கேமரா பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றில் உருண்டை சாவியைப் பார்க்கிறாள். ஒன்றில் பாத்திரத்தைப் பார்க்கிறாள். ஒன்றில் கூரையைப் பார்க்கிறாள். முக்கால்வாசிப் படங்களில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

‘பாவம்! இவளுக்குத் தூக்கம் வருது. யாரைப் பாக்குறதுன்னும் தெரியல.’

“எல்லாரும் நிறுத்துங்க!” என்று பட்டாசு கத்தினாள். பிறகு தன் குரலுக்குத் தானே பயந்து, மெதுவாகச் சொன்னாள்: “பாப்பா தூங்கட்டும்.”

“தூங்கட்டுமா? பஸ்ஸுக்கு நேரமாச்சுடி!” என்றார் அப்பா.

“அழற பிள்ளையை எப்படிப்பா சிரிக்க வைக்கிறது? தூங்கி எழுந்தா நல்லா இருப்பா. சித்தப்பா, ப்ளீஸ்!”

சித்தப்பா கடிகாரத்தைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். “சரி” என்றார்.

சித்தியின் தோளில் சாய்ந்ததுமே உருண்டை தூங்கிப் போனாள். பட்டாசு அந்த நேரத்தை வீணாக்கவில்லை. மெத்தையை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, வெள்ளை விரிப்பை விரித்தாள். வெயில் நேராக முகத்தில் விழாமல் இருக்க, மெல்லிய திரையை இழுத்துவிட்டாள். குழந்தைக்குப் பதிலாகச் சமையலறையிலிருந்து ஒரு முட்டைக்கோஸைக் கொண்டுவந்து வைத்துப் படம் எடுத்துப் பார்த்தாள். நின்றுகொண்டு எடுத்தபோது அதன் உச்சி மட்டும்தான் விழுந்தது. தரையில் குப்புறப் படுத்து எடுத்தபோதோ முட்டைக்கோஸ் ராணி மாதிரி இருந்தது!

“என்னடி இது, குழம்புக்குப் போட்டோவா?” என்று அம்மா எட்டிப் பார்த்தாள்.

“உஷ்!”

உருண்டை கண் விழித்தாள். பால் குடித்தாள். பெரிதாக ஒரு ஏப்பம் விட்டாள். சித்தி அவளை மெத்தையில் குப்புறப் போட்டுவிட்டு, கைக்கெட்டும் தூரத்தில் சுவரோரமாக உட்கார்ந்தாள். அப்பாவையும் அம்மாவையும் பட்டாசு அறைக்கு வெளியே அனுப்பிவிட்டாள்.

உருண்டை தலையைத் தூக்கினாள். எதிரே கேமரா. விறுவிறுவென்று தவழ்ந்து வந்து அதை நக்கினாள்!

“ஐயோ!” பட்டாசு சட்டை நுனியால் கேமராவைத் துடைத்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. குழந்தையைத் திரும்ப நடுவில் விட்டாள்.

“சித்தப்பா, என் பக்கத்துல தலையை ஒட்டிப் படுத்துக்கோங்க. ஆட வேணாம், பாட வேணாம். சும்மா பாப்பாகிட்ட பேசுங்க.”

“என்ன பேசறது?”

“எதையாவது!”

சித்தப்பா தொண்டையைச் செருமினார். “அது வந்து... நாளைக்கு அப்பா கப்பல்ல கூடை கூடையா முட்டை உடைக்கணும்டி, கண்ணு. கப்பல் இந்தப் பக்கம் சாயும். அப்பா அந்தப் பக்கம் சாய்வேன். முட்டை மட்டும் உருண்டு உருண்டு போய்... டப்!”

உருண்டையின் கண்கள் விரிந்தன. பட்டாசு மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னொண்ணும் போச்சு. டப்!”

உருண்டை சிரித்தாள்! கன்னம் இரண்டும் மேலே ஏற, கண் இடுங்க, கீழே முளைத்திருந்த ஒற்றைப் பல் தெரிய, உடம்பே குலுங்கும்படி சிரித்தாள். சித்தப்பாவால் தாங்க முடியவில்லை. கையை நீட்டினார். அவருடைய விரலை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

க்ளிக்! க்ளிக்! க்ளிக்!

“விழுந்துடுச்சு, சித்தப்பா! விழுந்துடுச்சு!” என்று பட்டாசு துள்ளி எழுந்து ஸ்டூடியோவுக்கு ஓடினாள்.

படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்த ஸ்டூடியோக்காரர் விசில் அடித்தார். “காலையில என் காதைக் கிழிச்ச குழந்தையா இது? ஓரத்துல யாரோட விரலோ இருக்கே, வெட்டிடவா?”

“வெட்டாதீங்க! அது அவ அப்பா விரல்!”

சூடு ஆறாத படத்தோடு அவள் பஸ் நிலையத்துக்குள் நுழைந்தபோது, சித்தப்பா ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்திருந்தார். கீழே உருண்டையோடு சித்தி நின்றிருந்தாள். பஸ் உறுமிக்கொண்டிருந்தது. எம்பிக் குதித்து ஜன்னல் வழியே படத்தைக் கொடுத்தாள்.

சித்தப்பா பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பக்கத்தில் இருந்தவரின் தோளைத் தட்டினார்.

“பாருங்க சார், என் பொண்ணு!”

கண்டக்டர் வந்தார். அவருக்கும் காட்டினார். முன் இருக்கைப் பாட்டியும் திரும்பிப் பார்த்துக் கன்னத்தைக் கிள்ளுவது போல விரலைச் சுருட்டினாள். பஸ் நகரத் தொடங்கியது. சித்தப்பா இன்னும் படத்தைப் பார்த்துச் சிரித்தபடி அதிலேயே மூழ்கியிருந்தார்.

“பாத்தியா உங்க சித்தப்பாவை! நமக்குக் கைகூடக் காட்டல” என்றாள் சித்தி. அழுகையும் சிரிப்பும் கலந்து வந்தன.

சித்தியின் இடுப்பிலிருந்த உருண்டை, போகிற பஸ்ஸைப் பார்த்துக் கையை உதறினாள்.

பட்டாசு சட்டென்று பஸ் ஜன்னலை நோக்கிக் கேமராவைத் தூக்கினாள். க்ளிக்!

“இது பாப்பாவுக்கு, சித்தி. அவ அப்பா யாரைப் பாத்துச் சிரிச்சுட்டுப் போனார்னு பெரியவளானதும் காட்டலாம்!”