வெள்ளிக்கிழமையோடு முடியும் வயது

“அப்போ அந்தப் புக்கு இல்லேன்னா, நான் போன வருசமே கேஸ் போட்டிருக்கணும். அதானே சொல்றீங்க?”

“அதான் சுகிர்தா. பதினெட்டு முடிஞ்சு மூணு வருசம். அதுக்கு மேல நஷ்டஈடு கேட்டா, மொதல் நாளே தள்ளிடுவாங்க.”

செவ்வாய்க்கிழமை, காலை 10.20. ஆரம்பாக்கத்தை ஒட்டிய சிறிய சபை ஒன்றின் ஆலயம், அதன் அலுவலக அறை. பூட்டு உடையாத அலமாரியில் ஒரே ஒரு புத்தகம் இல்லாத இடைவெளியை வக்கீல் கல்பனா பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் சுகிர்தா, சிப்காட் கம்பெனிச் சீருடையோடு.

சுகிர்தாவுக்கு ஒன்பது வயதானபோது, ஞாயிறு பள்ளி முடிந்ததும் இதே அறையின் கதவைச் சாத்தியவர் போதகர் மோசஸ். போலீஸ் வழக்கு தனியாக நடந்தது; ஜாமீனில் வந்த மோசஸ் சபையை விடவில்லை. நஷ்டஈட்டு வழக்குக்குத்தான் கெடு. சுகிர்தா வீட்டில் பிறந்தவள். பிறப்புச் சான்றிதழ் இல்லை. மதியச் சாப்பாடாவது கிடைக்கட்டும் என்று அம்மா ஞானம்மா ஒரு வயதைக் கூட்டிச் சொல்லிப் பள்ளியில் சேர்த்திருந்தாள். அந்தக் கணக்கில் கெடு போன ஜூனிலேயே போய்விட்டது. உண்மைக் கணக்கில் வரும் வெள்ளி வரை இருந்தது. உண்மை எழுதப்பட்ட ஒரே இடம் 2006-ம் வருட ஞானஸ்நானப் பதிவேடு.

“குருத்தோலை ஞாயித்துக்கெழமை, ஓலைச் சிலுவ குடுப்பாங்களே, அன்னிக்கு ஞானஸ்நானம் குடுத்தாங்களாம். அம்மா சொல்லும்” என்றாள் சுகிர்தா.

பதிவேட்டைப் பார்க்க மோசஸ் உடனே சம்மதித்தது கல்பனாவுக்கு அப்போதே உறுத்தியது. ஞாயிறு மதியம் நெல்லூர் கூட்டத்துக்குப் போனவர், இன்றுதான் ரயிலை விட்டு இறங்கியிருந்தார். அலமாரியின் ஒரு சாவி அவரோடு போயிருந்தது. இன்னொன்று கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. நேற்று உள்ளே வந்தவர்கள் இருவர்: பொருளாளர் தேசப்பன், ஆலயம் பெருக்கும் சுகிர்தாவின் அம்மா ஞானம்மா. ஞாயிறன்று மோசஸ் கிளம்புமுன் சபையார் முன் எண்ணிக் காட்டியபோது பதினெட்டுப் புத்தகங்களும் இருந்தன.

தேசப்பன் எரிந்து விழுந்தார். “நான் எடுக்கிறதா இருந்தா பீரோவோட தூக்கிகினு போயிருப்பேன். எனக்கு இன்னா பயம்?”

ஞானம்மா தலை நிமிரவில்லை. “எழுத்தே தெரியாதும்மா. எல்லாம் ஒரே அட்டை. எது எந்த வருசம்னு நான் இன்னாத்தக் கண்டேன்?”

உண்மைதான். அட்டைகள் எல்லாம் ஒரே காக்கி. முதுகில் வருடம் மட்டும். மற்ற பதினேழின் மேலும் தூசி கலையவில்லை. காலி இடத்தில் ஒன்று கிடந்தது: பழுப்பேறி, நசுங்கித் தட்டையான ஒரு குருத்தோலைச் சிலுவை. கல்பனா அதைத் தொடவில்லை. வெகுநேரம் பார்த்தாள்.

11.40. கல்லறைத் தோட்டத்துச் சுவர் ஓரம். சுகிர்தாவையும் ஞானம்மாவையும் மட்டும் அழைத்து வந்திருந்தாள்.

“படிக்கத் தெரிஞ்சவங்க முதுகுல வருசத்தப் பாத்து எடுத்துக்குவாங்க. படிக்கத் தெரியாதவங்களுக்குத்தான் அடையாளம் வேணும். குழந்தையோட பக்கம் தெரியணும்னு இருபது வருசத்துக்கு முன்னால நீங்கதான் அந்த ஓலைய வெச்சீங்க. நுனி வெளிய நீட்டிக்கிட்டிருந்திருக்கும். வேற புத்தகத்தத் தொட வேண்டிய அவசியமே வரல.” கல்பனா ஞானம்மாவின் எதிரே வந்து நின்றாள். “திருடன் எவனும் சிலுவைய எடுத்து வெச்சிட்டுப் போகமாட்டான். அழிக்கப்போற புத்தகத்தோட சிலுவையும் போக மனசு வராமதானே அத மட்டும் எடுத்து வெச்சீங்க?”

ஞானம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டதாகச் சொன்னாள். நெல்லூர் போகுமுன் மோசஸ் வீட்டுக்கே வந்திருக்கிறார். அந்தப் புத்தகம் வக்கீல் கண்ணில் பட்டால் உனக்கு இந்தத் தோட்டத்தில் இடம் கிடையாது, உன் புருஷன் பக்கத்தில் யாரோ படுப்பார்கள் என்றிருக்கிறார்.

கல்பனா சுவருக்கு அப்பால் சிமென்ட் பூசிய மேட்டைப் பார்த்தாள். செத்தவனைக் காட்டி உயிரோடிருப்பவளை மிரட்டியிருக்கிறான். ஒரு குழந்தை வாய் திறக்க இத்தனை வருடம் ஆக்கிய ஊர் அவன் பக்கம். அதற்குள் கதவைச் சாத்தும் சட்டமும் அவனுக்கே வாகாக இருந்தது. திருடிய கை ஞானம்மாவுடையது. திருடன் உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்தான்.

சுகிர்தா கத்தவில்லை. அம்மா முன்னால் குந்தினாள்.

“புக்கு போனா போவட்டும். எழுதினதுக்கு முந்தியே உனக்குத் தெரியும். வெள்ளிக்கெழமை பொன்னேரி கோர்ட்டுக்கு வந்து, நான் என்னிக்குப் பொறந்தேன்னு உன் வாயால சொல்றியாம்மா?”