இறங்காத பயணி

கப்பல் ஏறிய அன்று மத்தியானம் நல்ல வெயில். பெட்டிகளை ஒப்படைத்துவிட்டு வரிசையில் நின்றபோது, கணவர் அவளுடைய கைப்பையைத் தானே வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் அவளுடைய பையைத் தூக்கியது அதுதான் முதல் தடவை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

அவள் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். ஊரில் பாதிப் பேருக்கு ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுத்தவர். வீட்டில் மட்டும் பேசின பேச்சிலிருந்து ஓர் அடி பின்னால் வந்ததில்லை. அப்படிப்பட்டவர் ஒருநாள் தானாகவே வந்து, "மூணு வாரம் கப்பல்ல போயிட்டு வரலாம். நீ லீவு மட்டும் போடு, மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றபோது, அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. மகள் வெளியூருக்கு வேலைக்குப் போனதிலிருந்து இருவருக்கும் நடுவே பேச்சே குறைந்துபோயிருந்தது. கடல் காற்றில் ஏதாவது சரியாகிவிடும் என்று நம்பினாள்.

மூன்று வாரம் என்பது ஒரே பயணம் இல்லை என்று ஏறிய பிறகுதான் தெரிந்தது. அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண்மணிதான் சொன்னாள்.

"இது ஒரு வாரக் கப்பல் மேடம். வாராவாரம் கிளம்புன துறைமுகத்துக்கே திரும்பி வந்துடும். எல்லாரும் இறங்கிடுவாங்க, மத்தியானம் புது ஆளுங்க ஏறுவாங்க. உங்கள மாதிரி இறங்காம தொடர்ந்து போறவங்க ரொம்பக் கொஞ்சம். உங்களுக்கு அடுத்த வாரத்துக்குப் புது ரூம் கார்டு குடுப்பாங்க. நடுவுல கொஞ்ச நேரம் கப்பல்ல ஈ காக்கா இருக்காது."

முதல் வாரம் நன்றாகவே போனது. அவர் பேசினார். மேல்தளத்தில் அவளோடு நடந்தார். சாப்பாட்டு மேஜையில் அவளுக்காக நாற்காலியை இழுத்துப் போட்டார்.

வாரக் கடைசியில், காலையில் கப்பல் காலியானது. தொடர்ந்து போகிறவர்களை ஒரு ஹாலில் உட்காரவைத்துப் புதுக் கார்டு கொடுத்து அனுப்பினார்கள். அறைக்குத் திரும்பும் வழியில் அந்த நீண்ட நடை முழுவதும் கதவுகள் திறந்து கிடந்தன. வாசலுக்கு வாசல் அழுக்குத் துணிக் குவியல். பிளீச்சிங் வாடை மூக்கில் ஏறியது. நேற்றுவரை குழந்தைகள் ஓடிய இடத்தில், எங்கோ தூரத்தில் ஒரு வாக்யூம் கிளீனர் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

அவர்களுக்கு அடுத்த அறையும் திறந்திருந்தது. விரிப்பு இல்லாத மெத்தையின் விளிம்பில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் வயதுதான் இருக்கும். வெளியே கிளம்புகிறவள் போல உடுத்தி, தலையை ஒழுங்காக வாரி, பெட்டியைக் காலடியில் வைத்து, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களும் இறங்கலையா?" என்று கேட்டாள்.

"இல்லைங்க, எங்களுக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு."

"ரெண்டு பேருக்குமா?"

என்ன கேள்வி இது என்று நினைத்தபடி தலையாட்டிவிட்டு வந்தாள். முன்னால் போய்விட்ட கணவர், "யார்கிட்ட பேசிட்டு வர்ற?" என்றார். "பக்கத்து ரூம்ல ஒரு அம்மா" என்றாள். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது வாரம் முதல் வாரத்தின் நகல். மறுபடியும் லைஃப் ஜாக்கெட் ஒத்திகை. மறுபடியும் அதே இடத்தில் அதே ஜோக். சிரிப்புக்காக அதே அளவு இடைவெளி. புதிதாக வந்தவர்களின் சிரிப்பு. மாலை நிகழ்ச்சியில் பாடுகிறவன் ஒரு வரியில் குரல் உடைந்து கண்ணைத் துடைத்துக்கொள்வான். போன வாரம் அதைப் பார்த்து அவளும் அழுதிருந்தாள். இந்த வாரம் அதே வரியில் அதே கையால் துடைத்துக்கொண்டான். அவளுக்கு ஏனோ அவமானமாக இருந்தது.

கணவர் பேச்சு குறைந்தது. மத்தியானங்களில், "சிக்னல் மேலதான் கிடைக்குது" என்று போனோடு மேல்தளத்துக்குப் போய்விடுவார். அவள் கட்டிலில் படுத்திருப்பாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

இரண்டு அறைகளுக்கும் நடுவே பூட்டியிருந்த ஒரு கதவு உண்டு. அதற்கு அந்தப்பக்கம் யாரோ பெட்டியின் ஜிப்பை மெதுவாகத் திறந்தார்கள். மூடினார்கள். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு மறுபடி திறந்தார்கள். கதவின் அடியிலிருந்து ஒரு வாசனை வந்தது. பூ வாடிப்போன ஜாடியில் தங்கிவிட்ட தண்ணீரின் வாசனை.

மறுநாள் சுத்தம் செய்யும் பெண்மணியிடம் கேட்டாள். "பக்கத்து ரூம் அம்மா வெளியவே வர்றதில்லையா?"

"அங்க யாரும் இல்லையே மேடம். குழாய் ஒழுகுதுன்னு பூட்டி வச்சிருக்கு."

"போன வாரம் இருந்தாங்களே."

"போன வாரமும் பூட்டித்தான் இருந்துச்சு."

தலையணை உறை மாட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண்மணியின் கை நின்றது.

"பெட்டியோட உக்காந்திருந்தாங்களா?"

"ஆமா."

அவள் உறையை மாட்டி முடித்தாள். போகும்போது வாசலில் நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "மறுபடி பாத்தா பேச்சுக் குடுக்காதீங்க மேடம். பாவம்தான். புதுக் கார்டு வாங்கிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போன புருஷனுக்காகக் காத்திருந்தாங்களாம். இருந்தாலும் பேசாதீங்க."

கணவரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை, கேலி செய்யவும் இல்லை. முகம் வெளுத்து, "கண்டதையும் கேட்டுட்டு வராத" என்று மட்டும் சொன்னார். பயந்துவிட்டார் என்று நினைத்தாள். வேறு காரணம் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது வாரமும் முடிந்தது. காலையில் அதே ஹால். கார்டு கொடுப்பதற்கு முன்பே கணவர் எழுந்தார்.

"கண்ணாடிய ரூம்லயே விட்டுட்டேன். எடுத்துட்டு வந்துடறேன். நீ இங்கயே இரு." தோளிலிருந்த அவளுடைய கைப்பையைக் கழற்றி அவள் மடியில் வைத்தார். ஒரு கணம் அவள் தலையில் கை வைக்கப்போனவர் போல நின்றார். பிறகு போய்விட்டார்.

ஹாலில் இருந்த மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கார்டு வாங்கிக்கொண்டு எழுந்து போனார்கள். அவர் வரவில்லை. போனில் கூப்பிட்டாள். அணைத்து வைத்திருந்தார். அவள் தேடிக்கொண்டு கிளம்பினாள்.

நடை முழுவதும் திறந்த கதவுகள். இந்தத் தடவை வாக்யூம் கிளீனர் சத்தம்கூட இல்லை. கம்பளம் அவள் காலடிச் சத்தத்தை விழுங்கிக்கொண்டது. திறந்த அறைகளின் கண்ணாடிகளில் அவள் உருவம் வந்து வந்து போனது. நல்ல பகல். ஜன்னல் வழியே வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் அவள் கிட்டத்தட்ட ஓடினாள்.

அறையில் அவர் இல்லை. அவருடைய பெட்டி இல்லை. அலமாரியைத் திறந்தாள். அவள் பக்கம் துணிகள் தொங்கின. அவர் பக்கம் வெறும் ஹேங்கர்கள், கப்பல் துறைமுகத்தில் கட்டப்பட்டிருந்த நிலையிலும் லேசாக ஆடிக்கொண்டிருந்தன.

பின்னால் ஜிப் சத்தம்.

நடுக்கதவு திறந்திருந்தது.

அந்தப் பெண் அதே மெத்தையில், அதே உடுப்பில் இருந்தாள். கட்டிலைச் சுற்றிக் கம்பளம் ஈரத்தில் கறுத்திருந்தது.

"உங்ககிட்ட என்ன சொல்லிட்டுப் போனார்?" என்று கேட்டாள்.

அவளையறியாமல் பதில் வந்துவிட்டது. "கண்ணாடி."

"என்கிட்ட கார்டுன்னு சொன்னார்." அந்தப் பெண் நகர்ந்து இடம் விட்டாள். "வாங்க. ரெண்டு பேருமா காத்திருக்கலாம்."

அவள் எப்படிப் போய் உட்கார்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஒரு கை அவள் கைமேல் வந்து படிந்தது. தினமும் எத்தனையோ கைகளைத் தொடுகிறவள் அவள். தொட்டவுடன் நரம்பு எங்கே ஓடுகிறது என்று விரலுக்குத் தெரிந்துவிடும். விரல் தன் பழக்கத்தில் தேடியது.

எங்குமே இல்லை.

கனமான, ஊறிய குளிர்ச்சி மட்டும்.

ஒலிபெருக்கி அவளுடைய அறை எண்ணைச் சொல்லி, வரவேற்பு மேஜைக்கு உடனே வரும்படி அழைத்தது.

"கூப்பிடட்டும்," என்றாள் அந்தப் பெண் கிசுகிசுப்பாக. "அவர் வந்து பாக்கும்போது நாம இங்க இருக்கணும்ல."

பிடி இறுகியது.

அவள் கையை உருவிக்கொண்டு ஓடினாள்.

வரவேற்பு மேஜையில் இருந்தவர் திரையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். குரலை மென்மையாக்கிக்கொண்டார். "உங்க சாருக்கு இந்த வாரத்தோட பயணம் முடிஞ்சுது மேடம். கடைசிக் கூட்டத்தோட இறங்கிட்டாரு. மூணாவது வாரம் உங்க ஒருத்தர் பேர்லதான் இருக்கு. உங்களுக்குத் தெரியும்னு சொன்னாரே."

"எப்போ போட்டது?"

"ஆரம்பத்துலயே அப்படித்தான் மேடம்."

நாற்காலியை இழுத்துப் போட்ட அந்த முதல் இரவிலும் அவருக்குத் தெரியும். பையைத் தோளில் மாட்டிக்கொண்ட மத்தியானத்திலும் தெரியும். அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு மகளுக்குப் போன் செய்தாள்.

"அப்பா இறங்கிப் போயிட்டாருடி."

"கப்பல்லயே உன்கிட்ட பேசிடுவேன்னு சொன்னாரும்மா," என்றாள் மகள். "அவர் வேற வீடு பாத்து ஒரு மாசம் ஆச்சு. நீ திரும்பி வர்றதுக்குள்ள சாமானை எடுத்துட்டுப் போறதா… நான் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரும்மா. அம்மா? லைன்ல இருக்கியா?"

அவள் அழவில்லை. மேஜைக்காரரிடம், "நான் இறங்கறேன். பெட்டிய எடுத்துட்டு வர்றேன்" என்றாள்.

பயம் போய்விடவில்லை. அதைவிடப் பெரிய ஒன்று உள்ளே எரிந்துகொண்டிருந்ததால் கால்கள் நடந்தன. அறைக்குள் போய் துணிகளை வாரிப் பெட்டியில் திணித்தாள். நடுக்கதவின் நிலையில் அந்தப் பெண் நின்றிருந்தாள். முதல் தடவையாக நின்றிருந்தாள். உடுப்பின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நீங்களாவது இருப்பீங்கன்னு நெனச்சேன்."

"நான் போறேன்."

"அவர் வந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

"வரமாட்டார்." அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "உங்களுக்கும் யாரும் வரப்போறதில்ல. இப்படி விட்டுட்டுப் போறவனுக்காக எதுக்கு உக்காந்திருக்கீங்க? எனக்கு அந்த ஆள் வேண்டாம்."

சொட்டுவது நின்றது.

"வேண்டாமா?"

"வேண்டாம். யாருக்கு வேணுமோ அவங்க வச்சுக்கட்டும்."

அந்தப் பெண் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து, தன் பெட்டியைக் கையில் எடுத்தாள்.

அவள் திரும்பிப் பார்க்காமல் வெளியேறினாள். நடையில் பாதி தூரம் வந்த பிறகுதான் கம்பளத்தைக் கவனித்தாள். ஈரமான பாதச் சுவடுகள், கப்பலை விட்டு இறங்கும் வாசலை நோக்கி. அவளுக்குப் பின்னால் அல்ல.

அவளுக்கு முன்னால்.

வீட்டுக்கு வந்தபோது அவருடைய பொருள்களில் பாதி போயிருந்தன. அவள் ஒவ்வொரு அறையாக விளக்கைப் போட்டுப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். எங்கும் உலர்ந்தே இருந்தது. பூட்டை மாற்றினாள். வேலைக்குப் போக ஆரம்பித்தாள். மகளின் போனை எடுப்பதில்லை. ராத்திரிகளில் தூக்கம் வராது; ஆனால் அது பயத்தினால் அல்ல, வேறு வேதனை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கூப்பிட்டார். எடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எடுத்தாள்.

"நான் செஞ்சது தப்புதான்," என்றார். குரல் கரகரத்தது, வெகுநாள் தூங்காதவர் குரல். "திட்டு. நாலு பேரக் கூட்டிட்டு வந்து கேளு. ஆனா இப்படிப் பண்ணாத. எதுக்கு இங்க வந்து வந்து உக்காந்துக்கற?"

"எங்க?"

"விளையாடாத. நான் எழுந்துக்கும்போது கட்டில் ஓரத்துல முதுகக் காட்டிட்டு உக்காந்திருக்க. கூப்பிட்டா திரும்பறதில்ல. இங்க என்கூட இருக்கறவளும் பயந்துபோய் நேத்து அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. இப்பக்கூடச் சமையல் ரூம்ல நீதான…" அவர் நிறுத்தினார். அவள் எந்த வீட்டிலிருந்து பேசுகிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். பழக்கத்தில் அவர் கூப்பிட்டது பழைய வீட்டு லேண்ட்லைன் எண்ணுக்கு.

"அப்போ," என்றார். "அப்போ இங்க உள்ள இருக்கறது யாரு?"

அவளுக்குச் சொல்லத் தெரியும். வாயைத் திறந்தாள். சொல்லவில்லை.

அந்தப்பக்கம் ஏதோ ஒரு கதவு திறந்தது. அவர் மூச்சு விடுவது நின்றது. பிறகு, போனுக்கு மிக அருகில், பல வருஷம் அவரோடு குடித்தனம் நடத்தியவள் போல, நிதானமான ஒரு பெண் குரல் கேட்டது.

"யாருங்க போன்ல?"