நாற்பத்தோராம் எண்

குலசேகரப்பட்டினம் ஏவுதுறையின் விண்ணோடிகள் காலையில் தங்கள் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் பல் தேய்ப்பார்கள். பணிமூப்புப் பட்டியலில் எத்தனையாவது ஆள் என்பதுதான் அந்த எண். யாருக்கு எந்தத் தடம் என்பதை அதுவே முடிவு செய்யும். பேச்சியம்மாள் இருபது வருடத்தில் மூன்றாம் எண்ணுக்கு வந்திருந்தாள். அன்று காலை திரை நாற்பத்தொன்று என்றது.

இரண்டு நிறுவனங்கள் இணைந்துவிட்டன. அவளுடையது நிலவுக்குப் போய்வரும். மூன்றாம் நாள் வீட்டில் சாப்பாடு. மற்றது சனிக்கோளுக்குப் போவது. போய்த் திரும்பப் பன்னிரண்டு வருடம். வழியெல்லாம் உறைதுயில் என்பதால் உடம்புக்கு இரண்டரை வயதுதான் கூடும். தூங்கிய வருடங்கள் பணிமூப்பில் சேருமா என்பதுதான் வழக்கு. நடுவர் மன்றம் பேச்சியம்மாளின் நிறுவன விதியையே எடுத்துக்கொண்டது: சேர்ந்த தேதிதான் மூப்பு, பறந்த மணி அல்ல. அப்படியானால் தூங்கிய வருடங்களும் சேரும்.

அந்த விதியை எழுதியவளே பேச்சியம்மாள்தான். பிரசவ விடுப்பு எடுத்த பெண்கள் பட்டியலில் இறங்கக் கூடாதென்று சங்கத்தில் மல்லுக்கு நின்று வாங்கியது. இப்போது வயிறு எரிந்து என்ன செய்ய?

தடம் தேர்வுக்கு எண் வரிசைப்படி நின்றார்கள். நிலவுக்கு நாற்பது இருக்கைகள். மிச்சப் பேருக்குச் சனி; மறுத்தால் உரிமம் போய்விடும். முதல் எண் சனி நிறுவனத்துக் கஸ்பாருக்கு. முகத்துக்கு முப்பத்துநாலு வயது, சேர்ந்து நாற்பத்தெட்டு வருடம். நிலவைத் தேர்ந்துவிட்டு அவளிடம் வந்தவன், அக்கா என்பதா தங்கச்சி என்பதா என்று தடுமாறினான்.

"மொத நடைக்குப் போறப்ப என் மகளுக்கு ஒரு வயசு. இப்ப நாப்பத்தொம்பது. அவகூட இருந்தது மொத்தமே கொஞ்ச நாளுதான். தப்பா எடுத்துக்காதீங்க, இந்த எடத்த என்னால விட்டுத்தர முடியாது."

"நான் கேக்கலயே," என்றாள். நிலவு இருக்கை கிடைத்த யாரிடமாவது கையெழுத்து கேட்க எழுதிய இடமாற்று விண்ணப்பம் அவள் பையில்தான் இருந்தது. அதை வெளியே எடுக்கவில்லை. அவள் முறை வந்தபோது சனி மட்டுமே மிச்சம்.

வீட்டில் மகள் முத்தரசி அழவில்லை. அதுதான் பேச்சியம்மாளுக்குத் தாங்கவில்லை. பதின்மூன்று வயதுப் பெண் விரல்விட்டு எண்ணினாள்.

"நீ வாறப்ப எனக்கு இருவத்தஞ்சு. மறுபடி போவ மாட்டேல்லா?"

"மாட்டேன். அப்ப என் நம்பர் மேல வந்துரும்."

அப்போதும் ஒருத்தி நாற்பத்தோராவதாக நிற்பாள். வீட்டில் அவளுக்கும் ஒரு பிள்ளை இருக்கும். அவளுக்கு இடத்தை விட்டுக்கொடுப்பாயா என்று முத்தரசி கேட்கவில்லை. கேட்டிருந்தால், பேச்சியம்மாளும் முடியாது என்றுதான் சொல்லியிருப்பாள்.