பெரட்டுமுடியில் ஆறாவது பெயர்

அன்று பெரட்டுமுடியின் உச்சியில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஞானசிகாமணியாகிய நான். என் பேத்தி நீது, வயது பத்து. பஞ்சாயத்து மெம்பர் ரெஜி. திருவனந்தபுரத்திலிருந்து வந்த வயலின்காரர் பிபின். தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஜெபமலர். ஆறாவதாக ஒருவரும் இல்லை.

போனக்காடு எஸ்டேட்டுக்கு மேலே இருக்கிறது அந்த மலைமுடி. பேர் கூப்பிட்டு ஆள் எண்ணுவதை எஸ்டேட்டில் பெரட்டு என்பார்கள். மேல்காட்டில் மூடுபனி இறங்கிவிட்டால், என் அப்பா தாசையன் கங்காணி அந்த உச்சியில் நின்று பெரட்டு எடுப்பார். எல்லாரும் பதில் சொன்ன பிறகுதான் இறங்க விடுவார். அப்பா காலத்தில் அந்த மலையில் ஒரு ஆள்கூடத் தொலைந்ததில்லை.

பெரட்டுமுடி என்ற அந்தப் பெயரைத்தான் மாற்ற வந்திருந்தார் ரெஜி. கையில் புதுப் பலகை. 'வித்துவான் பகவதிப்பெருமாள் சிகரம்' என்று எழுதியிருந்தது.

"பெரிய வயலின் வித்துவானாக்கும் சாரே! வருஷா வருஷம் இங்க வந்து உக்காந்து வாசிச்ச ஆளு. அவரு பேரு வெச்சா டூரிஸ்டு வரும், பஸ் வரும்."

"பஸ் வரட்டும். பெயர் மாறாது" என்றேன்.

"உங்க அப்பன் பேரு ஒண்ணும் இல்லியே இது?"

"என் அப்பாவின் வேலை இது."

பிபின் மெதுவாகச் சொன்னார்: "என் குருநாதர் சார் அவரு. ஊர்ல ஒரு சந்துக்குக்கூட அவரு பேரில்ல. அவரு இறந்தப்புறம் எல்லாரும் மறந்தாச்சு."

ரெஜி கோபத்தோடு பலகையைத் தூக்கிக்கொண்டு, அதை நட இடம் தேடிப் பாறையின் மறுபக்கம் போனார்.

அப்போது மணி மூன்றுகூட ஆகவில்லை. கீழே இருந்து வெள்ளையாக ஏறி வந்தது மூடுபனி. என் கை எனக்கே தெரியவில்லை. ஒரு குருவிச் சத்தமும் இல்லை.

"சார், மெம்பரைக் கூப்பிடுங்க. அந்தப் பக்கம் பள்ளமாக்கும்" என்றாள் ஜெபமலர்.

"வேண்டுமானால் அவர் என்னைக் கூப்பிடட்டும்."

என் சட்டையை யாரோ இழுத்தார்கள். நீது.

"தாத்தா, உங்க அப்பா, நம்ம பூட்டன், இருந்தா கூப்பிட்டிருப்பாரா, மாட்டாரா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் உச்சிப் பாறையில் ஏறிவிட்டாள்.

"ஜெபமலர்!"

"இருக்கேன் மக்ளே!"

"பிபின்!"

"உண்டு!"

"ஞானசிகாமணி!"

எங்கள் குடும்பத்தில் எந்தப் பிள்ளையும் பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ஆனால் பெரட்டில் அப்படித்தான். "இருக்கிறேன்" என்றேன்.

"ரெஜி!"

பதில் இல்லை. பிறகு பள்ளத்துக்குள்ளிருந்து ஒரு குரல் மெல்லக் கூப்பிட்டது. "ரெஜீ..." அது நீதுவின் குரல் போலவே இருந்தது. ஆனால் அவள் நின்ற பாறையிலிருந்து அது வரவில்லை. எதிரொலியும் இல்லை; எங்கள் பெயர்களை அது திருப்பிச் சொல்லவே இல்லை.

"இதோ வர்றேன் மோளே!" என்றார் ரெஜி. கூழாங்கற்கள் உருண்டு விழும் சத்தம் கேட்டது.

"வராதீங்க மாமா!" என்று கத்தினாள் நீது. "அது நான் இல்ல!"

கற்களின் சத்தம் நின்றது.

"அப்போ கீழேந்து கூப்பிடுறது ஆரு?"

"தெரியாது! அங்கேயே உக்காருங்க. நடக்க வேண்டாம். நான் பேர் கூப்பிட்டுட்டே இருப்பேன், நீங்க பதில் சொன்னா போதும்."

அரை மணி நேரம் கூப்பிட்டாள். ஜெபமலர், பிபின், ஞானசிகாமணி, ரெஜி. மறுபடி முதலிலிருந்து. அவள் குரல் கம்மிப்போனது. ஒவ்வொரு முறையும் "உண்டே!" என்று சொன்னார் ரெஜி.

பனி விலகியது. பலகையைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தார் அவர். இரண்டு அடிக்கு முன்னால் தரையே இல்லை.

"பேரு மாத்தண்டா சாரே" என்றார் மேலே வந்ததும். "பெரட்டுமுடி. அது மதி, போதும்."

பிபின் தலையைக் குனிந்துகொண்டார். நீது அதைப் பார்த்தாள்.

"அண்ணா, உங்க குருநாதரும் இங்க வந்தவருதானே? மலைக்கு வேண்டாம். பெரட்டுல அவரு பேரையும் சேத்துக்கலாம். இனி ஒவ்வொரு தடவையும் கூப்பிடலாம். அப்போ எப்படி மறக்கும்?"

யாரும் மறுக்கவில்லை. அவள் மீண்டும் பாறையில் ஏறினாள்.

"பகவதிப்பெருமாள்!"

காற்றே இல்லை. எங்கிருந்தோ ஒரே ஒரு தந்தி, நீளமாக ஒலித்து அடங்கியது.

எல்லாரும் பிபினின் தோளில் கிடந்த வயலின் பெட்டியைப் பார்த்தோம். அது பூட்டியே இருந்தது.

"ஸ்தோத்திரம்" என்றாள் ஜெபமலர்.

பிபின் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "குருநாதர் எப்பவும் கொஞ்சம் லேட்டாத்தான் வருவாரு."

நீது பைக்குள் செல்போனை ஒளித்து வைத்து அந்தச் சத்தத்தைப் போட்டாள் என்று போனக்காட்டில் ஒரு பேச்சு இருக்கிறது. பொய். எங்கள் குடும்பத்தில் பதினைந்து வயதுக்கு முன் யாருக்கும் செல்போன் கொடுப்பதில்லை.