கலியபெருமாள் சேர்த்த பெட்டிகள்

"அந்த ரூமு எம்பொண்ணுக்கு—"

"அதுங்கள தொட்டியானா பாத்துக்க! இந்த மாதிரி இனிமே கெடைக்குமா?"

"எதுக்குக் கெடைக்கணும்? ஆபீசுக்காரன் வேணாம்னு வீசினது. குப்பைங்க, குப்பை!"

"கம்ப்யூட்டர்டி!"

"ஆமா, பெரிய கம்ப்யூட்டரு! காலையில எம்பொண்ணு நெறமாச வயித்தோட அவலூர்பேட்டை பஸ்ல வந்து எறங்கப் போறா. எங்க படுக்க வெப்பீங்க, அதுங்க மேலயா?"

கலியபெருமாள் அறைக் கதவை மறித்து நின்றார். செஞ்சி கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் பார்க்கிறவருக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று அவர் மனைவி மங்கைக்குத் தெரியும். முதல் பெட்டியைப் பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனி சும்மாவே கொடுத்தது. அதற்கு உதிரிப் பாகம் வேண்டுமென்று இரண்டாவது வந்தது. அது நல்ல நிலையில் இருந்ததாம், பிரிக்க மனசு வரவில்லையாம், அதனால் மூன்றாவது. அப்புறம் காரணமே தேவைப்படவில்லை. ஒன்றுகூட ஓடியதில்லை. தெருநாயை வளர்த்தாலாவது வாலாட்டும்.

அன்று ஆயுத பூஜை. தையல் மிஷின், அரிவாள்மனை, சுத்தியல் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் படைத்தாயிற்று. மறுநாள்வரை எதையும் யாரும் தொடக்கூடாது.

"அந்தக் குப்பைக்கு நான் பொட்டு வெக்கமாட்டேன்" என்று மங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவரே குங்குமச் சிமிழோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

கரண்ட் போனது. மலையின் நிழல் தெருவை மூடி, சாம்பிராணிப் புகையும் மண்டியிலிருந்து வரும் வேர்க்கடலைத் தூசியின் நெடியும் கூடத்தில் கலந்து தேங்கியிருந்த அந்த அந்தி நேரத்தில், சாத்திய கதவுக்குப் பின்னால், யாரோ பொறுமையாக ஒவ்வொரு கடலையாக ஓடு உடைப்பதுபோல, கீபோர்டு விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது.

"படைச்ச சாமானத் தொடறீங்களே, அறிவு இருக்குதா? கரண்டே இல்ல, இன்னாத்தத் தட்றீங்க?"

சத்தம் நிற்கவில்லை.

"யாராண்ட பேசற?"

குரல் வாசலிலிருந்து வந்தது. கலியபெருமாள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். "பொட்டு வெச்சதுமே ரூம உட்டு வந்து, கொல்லப்பக்கமா கடைக்குப் போயி பூசணிக்கா ஒடச்சிட்டு வரேன்."

மங்கை கதவைக் கைகாட்டினாள்.

அவர் காது கொடுத்துக் கேட்டார். பயப்படவில்லை. சிரித்தார்.

"வேலைக்கு வந்துட்டாங்க" என்றார்.

"யாரு?" என்று சட்டையைப் பிடித்தாள். உதறிவிட்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

சத்தம் கூடியது. இன்னும் இரண்டு கை சேர்ந்ததுபோல.

"ஏங்க?"

மங்கை காமாட்சி விளக்கை எடுத்துக்கொண்டு கதவைத் தள்ளினாள்.

நாற்காலி காலி. அதன்மேல் அவர் துண்டு. ஜன்னலில் கம்பி. வேறு வழி கிடையாது.

வரிசையாகக் கண்ணாடித் திரைகள். எல்லாவற்றிலும் குங்குமப் பொட்டு. ஆனால் ஒரே உயரத்தில் இல்லை. ஒன்றில் மேலே. ஒன்றில் கீழே. ஒன்றில் ஓரமாக. பொட்டு வைக்கக்கூடத் தெரியாத மனுஷன்.

விளக்கை உயர்த்தினாள்.

நெற்றிகள். கண்ணாடிக்குள்ளே நெற்றிகள். பொட்டு அச்சாக அவற்றின்மேல். மூக்குக்கண்ணாடி போட்ட கிழவர். கனகாம்பரம் வைத்த ஒரு பெண். டை கட்டிய ஒருவன். எல்லோரும் தலையைக் குனிந்தபடி. திரைக்கு வெளியே விசைகள் தாமாக இறங்கின, ஏறின.

அடுத்ததில் கலியபெருமாள். நிமிரவில்லை. தட்டிக்கொண்டிருந்தார்.

கடைசித் திரை மட்டும் காலி. அதில் இரண்டு பொட்டு. மேலே ஒன்று. கீழே, வயிறு இருக்கவேண்டிய இடத்தில், சின்னதாக இன்னொன்று.

எல்லா விசைகளும் ஒரேயடியாக நின்றன.

"ஏங்க... இது யாருக்குங்க?"